துரைமார் படை
மலையக வரலாற்றுத் தொடர் – 17

நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தோட்டம் நடத்திய வெள்ளைத் துரைமாருக்கென்று ஒரு தனிப் படை இருந்தது. சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்பது அதன் பெயர். 1900இல் தொடங்கப்பட்டு 1949இல் கலைக்கப்பட்ட அந்தப் படையின் தலைமையகம் கண்டியில் இருந்தது. ஆட்களோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் தாழ்நாட்டு இறப்பர் தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். அதில் சேர ஐரோப்பியராக இருக்க வேண்டும். தோட்டத்தில் பெரியதுரையாகவோ சின்னத்துரையாகவோ இருந்தவர்களே அதன் சிப்பாய்கள். இந்தப் படையைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளைப் புரட்டினால் மூன்று போர்களின் பெயர்கள் வரிசையாக வரும்: தென்னாபிரிக்கப் போயர் போர், முதலாம் உலகப் போர், இரண்டாம் உலகப் போர். படைப்பிரிவுகளின் வரலாறு உலகம் முழுவதும் இப்படித்தான் எழுதப்படுகிறது. எங்கே போனார்கள், யாருடைய தலைமையில், எத்தனை பேர் விழுந்தார்கள், என்ன பதக்கம். எழுதுபவர்களும் பெரும்பாலும் அந்தப் படையிலேயே இருந்தவர்கள். துரைமார் படையின் 49 ஆண்டுகளை அந்த வாய்பாட்டில் எழுதினால் மிகச் சிறிய வரலாறுதான் மிஞ்சும், அதுவும் பிழையான வரலாறாக இருக்கும். அந்தப் படை தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தது இந்த மலைகளில்தான். அது எதற்காக இருந்தது என்பதற்கான விடையும் போர்களுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

ஒரு படை யாருக்காக இருக்கிறது என்பதை அது சண்டையிட்ட எதிரிகளை வைத்து முடிவு செய்ய முடியாது. இதற்கு ஐரோப்பாவிலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். தென் ஜெர்மனியில் பவேரியா என்று ஒரு தனி அரசு இருந்தது. அதன் மன்னருக்கு 1814இல் ஒரு மெய்க்காவல் காலாட்படைப் பிரிவு அமைக்கப்பட்டது. 1866இல் பவேரியா பிரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டது. நான்கே ஆண்டு கழித்து, 1870இல், அதே பவேரியச் சிப்பாய்கள் பிரஷ்யாவோடு தோள் சேர்ந்து பிரான்சுக்குள் நுழைந்து, செடான் அருகே பசேய் என்ற ஊரில் வீதி வீதியாகச் சண்டையிட்டார்கள். முதலாம் உலகப் போரில் அந்தப் பிரிவு ஆல்ப்ஸ் மலை, சேர்பியா, வெர்டன் என்று பல முனைகளுக்கு அனுப்பப்பட்டது. நேற்றைய எதிரி இன்று கூட்டாளி. ஆனால் படையின் சதையும் இரத்தமும் மாறவில்லை. அவர்கள் அந்த நாட்டுக் குடியானவர்களின், தொழிலாளர்களின் பிள்ளைகள். அதன் விளைவு 1918 நவம்பர் 7ஆம் தேதி தெரிந்தது. போரால் நொந்த மக்கள் மூனிச் நகரில் கூர்ட் ஐஸ்னர் தலைமையில் திரண்டபோது, அவர்களைத் தடுக்க வேண்டிய சிப்பாய்கள் முகாம்களிலிருந்து வெளியே வந்து கூட்டத்தோடு கலந்துகொண்டார்கள். அன்றிரவே மன்னர் மூன்றாம் லுட்விக் நகரை விட்டு ஓடினார். சொந்த மக்களிடமிருந்து திரட்டிய படையை அந்த மக்களுக்கு எதிராக எல்லாக் காலமும் நிறுத்திவைக்க முடியாது. ஆட்சியாளர்கள் இதை 1918க்கு வெகு முன்பே அறிந்திருந்தார்கள். பிரித்தானியருக்கு இந்தப் பாடத்தைப் புகட்டியது 1857ஆம் ஆண்டின் வட இந்தியா. அதன் பிறகு அவர்கள் ஆண்ட நாடுகளில், தோட்டமும் சுரங்கமும் இரயிலும் இருந்த இடங்களில், ஐரோப்பியர் மட்டுமே கொண்ட தொண்டர் படைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அசாமில் தேயிலைத் துரைமாருக்கு அசாம் பள்ளத்தாக்குக் குதிரைப்படையும் சூர்மா பள்ளத்தாக்குக் குதிரைப்படையும். நீலகிரியையும் குடகையும் சேர்ந்த துரைமாருக்குத் தென்மாகாணக் குதிரைத் துப்பாக்கிப் படை. நம் மலைகளில் இருந்த படையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இலங்கையின் சொந்த அனுபவமும் இதில் சேர்ந்தது. 1848இல் மாத்தளையிலும் கண்டியிலும் கிளர்ச்சி எழுந்தபோது கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் தேதி கண்டியில் சுடப்பட்டார். ஆறு ஆண்டு கழித்து, 1854இல், துரைமார் கண்டியில் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். பெரும்பாலும் மலாய் வீரர்களைக் கொண்டிருந்த இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவு 1870களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. அதன்பின் உள்ளூரில் நிரந்தரப் படை என்று எதுவும் இல்லை. 1881இல் தொண்டர் அடிப்படையில் இலங்கை இலகு காலாட்படை அமைக்கப்பட்டது. இதற்கிடையே கோப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்து, 1884இல் இரயில் ஹட்டனைத் தொட்டு, டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் காடு இருந்த இடமெல்லாம் தேயிலை ஏறியது. அந்தத் தேயிலையோடு தமிழகத்திலிருந்து ஆட்களும் வந்தார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 5,30,000 பேர்; தீவிலிருந்த ஐரோப்பியர் எல்லோரையும், கொழும்பு வணிகரையும் பாதிரிமாரையும் குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் 7,500 பேர் அளவில்தான். ஒரு பெரியதுரையின் பங்களாவிலிருந்து அடுத்த துரையின் பங்களாவுக்குக் குதிரையில் போக வேண்டும். கீழே லயங்களில் ஆயிரம் பேர். இந்தக் கணக்கை மனத்தில் வைக்காமல் அந்தப் படையைப் புரிந்துகொள்ள முடியாது.

லயங்களிலிருந்த தொழிலாளரை அடக்கி வைக்கவே அந்தப் படை இருந்தது என்பது என் வாதம். இதற்கு முதல் மறுப்பு படையின் தோற்ற ஆண்டிலேயே இருக்கிறது. 1900 என்பது போயர் போர் நடந்த காலம். பேரரசுப் பற்றால் தானே இந்தப் படை பிறந்தது, தொழிலாளரை மிரட்டவா என்று கேட்கலாம். அந்தப் பற்று பொய்யல்ல. 1900இலேயே துரைமார் பலர் குதிரைக் காலாட்படையில் சேர்ந்து தென்னாபிரிக்கா போனார்கள். 1902இல், போர் முடியும் தறுவாயில், துரைமார் படையிலிருந்தும் ஒரு குழு போனது. ஆனால் அந்த ஆண்டில் இலங்கைக்குள் நடந்ததையும் பார்க்க வேண்டும். பேரரசின் நிரந்தரத் துருப்புகள் தென்னாபிரிக்காவுக்குத் தேவைப்பட்டன. அங்கே பிடிபட்ட போயர்களோ கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கினார்கள். தியத்தலாவையில் 1900 ஆகஸ்டில் திறந்த முகாமில் மட்டும் சுமார் 5,000 கைதிகள். காவல் தேவை கூடிய நேரத்தில் காவலர்கள் குறையும் நிலை. அந்த நேரத்தில் உள்ளூரிலேயே, சம்பளச் செலவு அதிகமில்லாமல், சுடத் தெரிந்த, முழுமையாக நம்பக்கூடிய ஒரு படை கிடைத்தால் எந்த ஆளுநர் வேண்டாமென்பார்? போருக்குப் போன குழு சிறியது, வீட்டில் இருந்த படை பெரியது. பின்னாளில் அதே தியத்தலாவை தொண்டர் படைகளின் பயிற்சி முகாமாயிற்று.

முதலாம் உலகப் போர்தான் படையின் பெருமைக்குரிய அத்தியாயமாகச் சொல்லப்படுகிறது. மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் 1914 அக்டோபரில் வூஸ்டர்ஷயர் என்ற கப்பலில் எகிப்துக்குப் புறப்பட்டார்கள். செப்டம்பர் 22இல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளை எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அப்போதும் இந்துமாக் கடலில் திரிந்துகொண்டிருந்தது. எனவே அந்தப் பயணத்துக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. சூயஸ் கால்வாய்க் காவலில் நின்று, பிறகு அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைக்கப்பட்டு, கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்கு மெய்க்காவலாக இருந்தார்கள். அவர் தம் காவலர்களை மெச்சிப் பேசியிருக்கிறார். போர் முடிந்தபோது இந்தப் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர் மடிந்திருந்தார்கள். ஏறத்தாழ நூறு பேர் காயப்பட்டிருந்தார்கள். சிறிய படைக்கு இது சிறிய இழப்பல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துரைமார் படை ஒரு படையாகத் திரண்டு நின்று பெரும் போர் எதையும் நடத்தியதில்லை. எகிப்து போய்ச் சேர்ந்ததும் அதன் வீரர்கள் ஒவ்வொருவராகப் பிரித்தானிய, இந்தியப் படைகளில் அதிகாரிப் பதவி பெற்றுப் பிரிந்தார்கள். மடிந்தவர்களில் பலர் வேறு படைப்பிரிவுகளின் சீருடையில் மடிந்தவர்கள். இங்கே சாதாரணச் சிப்பாய், அங்கே போனால் அதிகாரி. அவரவர் படித்த பள்ளியும் பிறந்த குடும்பமும் அதற்குப் போதுமாக இருந்தன. அதே போருக்குப் போக விரும்பிய இலங்கை இளைஞர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. கையில் பணமிருந்த சிலர் தாமாகவே கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் இலங்கையரான முதல் பொலிஸ் மாஅதிபராக வந்த ரிச்சர்ட் அலுவிகாரை அந்தப் போரில் காயப்பட்டவர்தான்.

கலிப்போலியில் ஒரு பகுதியினர் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்ற அதே மாதங்களில் இங்கே நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியமான சான்று. 1915 மே இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரம் சில நாட்களில் கொழும்புக்கும் தெற்குக்கும் பரவியது. ஆளுநர் ரொபர்ட் சாமர்ஸ் ஜூன் 2ஆம் தேதி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அது ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. பஞ்சாபித் துருப்புகளோடு ஊர்களுக்குள் அனுப்பப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், துரைமார் படையினரும் ஆயுதம் கொடுக்கப்பட்ட மற்ற ஐரோப்பியத் தொண்டர்களும்தான். கலவரத்தில் சூறையாடப்பட்ட முஸ்லிம் கடைகளையும் உயிர்களையும் காக்க அரசுக்குக் கடமை இருந்தது. அதை மறுப்பவர் இல்லை. கலவரம் அடங்கிய பிறகும் நடந்த சுடுதல்களும், விசாரணையில்லாத் தண்டனைகளும், ஊர் ஊராக வசூலித்த அபராதங்களும்தான் கேள்விக்குள்ளாயின. பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் அவற்றை எழுப்பினார். இலண்டனில் 1916இல் நூலாகவும் வெளியிட்டார். ஈ. டபிள்யூ. பெரேரா இராணுவ உத்தரவொன்றைச் சப்பாத்து அடியில் மறைத்து இங்கிலாந்து கொண்டுபோனது அந்தச் சமயத்தில்தான். கொழும்பு நகரக் காவல் படையில் அதிகாரியாக இருந்த ஹென்றி பெட்ரிஸ் ஜூலை 7ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களவரான ஒரு தொண்டர் படை அதிகாரி இராஜதுரோகி என்று மரண தண்டனை பெற, வெள்ளையர் தொண்டர் படை இராணுவச் சட்டத்தின் கையாக ஊருக்குள் நடந்தது. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று ஆட்சி பிரித்துவைத்திருந்த கோடு அந்த வாரங்களில் துலக்கமாகத் தெரிந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. 1915 தோட்டத் தொழிலாளரின் கலவரம் அல்ல. அவர்கள் அதில் சேரவுமில்லை. துரைமார் படை அணிவகுத்து வந்து லயத்தின் மேல் சுட்டதாக மலையக வரலாற்றில் ஒரு பெரிய நிகழ்ச்சியும் பேசப்படுவதில்லை. அப்படியிருக்க அதைத் தொழிலாளருக்கு எதிரான படை என்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வேலையை விட்டுப் போன தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். துண்டு என்ற விடுகைச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு கிடைக்க வேண்டுமானால் கங்காணியிடம் பட்ட கடன் தீர வேண்டும். அத்துமீறல் சட்டம் வெளியாளைத் தோட்ட எல்லைக்குள் விடாது. விடியுமுன் தப்புச் சத்தம், பிரட்டுக்களத்தில் வரிசை, துரை கையிலே பிரம்பு, கணக்கப்பிள்ளை கையிலே செக்ரோல். இத்தனை பூட்டுக்கு மேலே துப்பாக்கி வெடிக்க வேண்டிய தேவை அபூர்வம். வெடிக்காத துப்பாக்கிக்கும் வேலை உண்டு. வாரத்தில் ஆறு நாள் தமக்கு வேலை கொடுத்து, சம்பளம் வெட்டி, அபராதம் போடும் அதே ஆள் ஏழாம் நாள் சீருடையோடும் ரைபிளோடும் பயிற்சிக்குப் போவதை லயத்துச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளியின் பிரதிநிதியும் அரசின் ஆயுதமும் ஒரே உடம்பில் இருந்தன. பொலிஸ்காரர் தோட்டத்துக்கு வந்தால் அவர் குறைந்தபட்சம் வெளியிலிருந்து வந்தவர். துரையோ வழக்கில் ஒரு தரப்பு. இதே குடும்பத்துப் படைகள் தேவை வந்த இடத்தில் சுடத் தயங்கவுமில்லை. 1930 ஏப்ரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றிய சூரிய சென்னின் இளைஞர்களை ஜலாலாபாத் குன்றில் சுற்றி வளைத்த துருப்புகளில் சூர்மா பள்ளத்தாக்கின் தேயிலைத் துரைமாரும் இருந்தார்கள். அங்கே தேவை வந்தது, இங்கே அந்த அளவுக்கு வரவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆட்களைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு நியாயம் பேசுவோரும் உண்டு. ஸ்கொட்லாந்திலிருந்து இருபது வயதில் வந்திறங்கி, மழையிலும் மூடுபனியிலும் தனிப் பங்களாவில் கிடந்த சின்னத்துரைக்குப் படை என்பது கூட்டாளிகளைச் சந்திக்கும் சாக்கு, குறி பார்த்துச் சுடும் விளையாட்டு, பிறகு கிளப்பில் ஒரு சாயங்காலம். டறாவளையில் டிக்கோயா மஸ்கெலியா கிளப் 1868இலிருந்து இருக்கிறது. கிரிக்கெட் ஆடியவர்களும் ரைபிள் தூக்கியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். எவனும் தமிழனைச் சுட வேண்டும் என்று சபதம் செய்து சேர்ந்திருக்க மாட்டான். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேருகிறவனின் நோக்கமும் சேர்க்கிறவனின் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உண்மையில் கிளப், படை, துரைமார் சங்கம் ஆகிய மூன்றும் பின்னிக் கிடந்ததால்தான் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் விலகினால் என்ன ஆகும் என்பது பிரேஸ்கேர்டிலுக்குத் தெரியவந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து மாதுல்கெலை ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரை பழக வந்த அவர் தொழிலாளர் பக்கம் பேசினார், வேலை போயிற்று. 1937 ஏப்ரல் 3இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் சமசமாஜிகளோடு மேடையேறினார். அந்த மாதமே ஆளுநர் நாடு கடத்த உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார், உயர்நீதிமன்றம் உத்தரவு செல்லாது என்றது. இருபதுகளில் புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை அறிந்த தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரைக்கூடத் துரைமார் வெளி எதிரியாக எண்ணி மல்லுக்கட்டினார்கள். தங்களில் ஒருவன் மாறுவதை மட்டும் அவர்களால் தாங்க முடியவில்லை. நிறத்தை வைத்துத் திரட்டிய படையின் பலம் முழுவதும் ‘நம் ஆள் மாற மாட்டான்’ என்ற நம்பிக்கையில் நின்றது.

ஐரோப்பியர் மட்டும் என்ற விதி வெறும் வசதிக்காக ஏற்பட்டது, மொழி ஒன்று, பழக்கம் ஒன்று என்பதற்காக என்றும் சொல்லிப் பார்க்கலாம். அதற்கு இலங்கை இலகு காலாட்படையே பதில். அங்கே பறங்கியர், சிங்களவர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். 1910இலிருந்து இரண்டு படைகளும் ஒரே இலங்கைப் பாதுகாப்புப் படையின் கீழ்தான் இருந்தன. கலந்த படை நடத்தத் தெரியாத அரசல்ல அது. தெரிந்துகொண்டே, தோட்ட வட்டாரங்களில் மட்டும், கலக்காத ஒரு படையைத் தனியாக வைத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் துரைமார் படை ஒரு படையாக எந்தப் போர்முனையிலும் பெயர் எடுக்கவில்லை. பழைய வழக்கப்படியே அதன் ஆட்கள் அதிகாரிப் பயிற்சிக்கு இந்தியாவின் பெல்காமுக்கும், அங்கிருந்து வெவ்வேறு படைப்பிரிவுகளுக்கும் போனார்கள். மலைகளில் அதைவிட முக்கியமானது நடந்துகொண்டிருந்தது. 1939 ஜூலையில் நேரு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. சமசமாஜிகள் தொழிற்சங்கம் கட்டினார்கள். தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம். 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சுட்டது பொலிஸ், துரைமார் படையல்ல. என் வாதத்துக்கு இது பாதகம்போலத் தோன்றும். நான் இதை வேறுவிதமாக வாசிக்கிறேன். துண்டு 1921இல் ஒழிந்துவிட்டது. வேலையை விட்டுப் போவதற்குச் சிறை என்பதும் அந்த ஆண்டுகளோடு போயிற்று. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931 முதல் சர்வசன வாக்குரிமை. பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது நேரடி அடக்குமுறை தேவைப்பட்டது. ஆனால் வாக்கும் விசாரணைக் கமிஷனும் வந்துவிட்ட காலத்தில், வழக்கின் ஒரு தரப்பான துரையே துப்பாக்கியோடு இறங்குவதை அரசு அனுமதித்திருக்க முடியாது. கோவிந்தன் சாவுக்கும் கமிஷன் அமைக்கப்பட்டது, கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று வாதாடினார். 1915இல் செல்லுபடியானது 1940இல் செல்லாது. துரைமார் படை எதற்காக உருவானதோ அந்த வேலையைச் செய்யும் தகுதியை, கலைக்கப்படுவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்பே அது இழந்துவிட்டிருந்தது.

1949இல் புதிய இராணுவச் சட்டம் வந்து, அக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் தொடங்கியபோது இலகு காலாட்படைக்கு அதில் இடம் கிடைத்தது. துரைமார் படை அதற்குள்ளேயே கலைந்துவிட்டிருந்தது. சுதந்திர நாட்டின் இராணுவத்தில் நிறத்தால் அமைந்த ஒரு பிரிவை யாராலும் நியாயப்படுத்த முடியாது. அதற்காகப் பெரிய வாதம் நடந்ததாகவும் தெரியவில்லை. இங்கேதான் கடைசி மறுப்பு வருகிறது. தோட்டங்களை அடக்கி வைக்க அந்தப் படை அவ்வளவு தேவையாக இருந்திருந்தால், அது போன பிறகு 1970களின் நிலச் சீர்திருத்தம் வரை வெள்ளைத் துரைமார் பலர் எப்படி நிம்மதியாகத் தோட்டம் நடத்தினார்கள்? படை கலைவதற்கு முந்திய ஆண்டில் நடந்ததை மறந்தால்தான் இந்தக் கேள்வி புதிராக இருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் லயத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் பின்னாலேயே போயிற்று. 1931இல் கழன்ற பூட்டை இந்நாட்டவரின் பாராளுமன்றமே மறுபடி மாட்டியது. குடியுரிமை இல்லாதவரின் வேலைநிறுத்தத்துக்குப் பதில் சொல்ல எந்த உறுப்பினரும் கடமைப்பட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த வேலையைப் பொலிஸ் பார்த்துக்கொண்டது: 1956இல் டயகமவில் ஏப்ரகாம் சிங்ஹோ, 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். இரண்டு தோட்டங்களிலும் சுட்டவர்கள் அரசின் சம்பளம் வாங்கும் பொலிஸார்.

(தொடரும்)